முழங்கால் நொந்த மாணவனும் மைதானமும்

உதைபந்தாட்டத்திலே முழங்கால் முறுகி வீழ்ந்த மாணவனை இருவர் தோள்கொடுத்து மைதானத்திற்கு வெளியே கொண்டுபோகின்றனர். சுற்றி நிற்போர் கைதட்டுகின்றனர். அதன்பின் அவனை அடுத்த பருவம் வரை தேடுவார் அரியர். தேடினாலும், ஓட்டக் கணக்குப் புத்தகத்தைக் கையிற் கொடுத்து மரநிழலில் இருத்திவிடுவதே வழக்கம். நொந்தது ஒரு முழங்கால். ஓய்வு விதிக்கப்படுவதோ உடல் முழுவதற்கும். இவ்வழக்கம் ஒழியவேண்டுமென்பது எமது துணிபு.

முழங்காலின் நடுவே குறுக்காக அமைந்த இணைப்பு நார் அறுந்து சத்திரசிகிச்சை செய்யப்பட்டால், 9 மாதங்களேனும் கழியாமல் ஆடுகளம் புகலாகாது என்பதே இன்று பல வைத்தியர் கூறும் எல்லை. அத்தனை காலமும் தோளும் மார்பும் முதுகும் மூச்சும் சோம்பிக் கிடத்தல் வேண்டுமா? ஊன்றுகோல் பிடித்து நடப்பவனுக்கு அந்நாட்களிற் காலாக உதவுவன கைகளே அன்றோ?

வைத்தியர் இசைந்தபின், முதுகைச் சார்த்தி வாங்கில் அமர்ந்து, காலை அவர் சொன்னவாறு நீட்டி வைத்துக்கொண்டு, கைப்பாரங்களை உயர்த்தலாம். கர்லாக்கட்டையை இருந்தபடியே சுழற்றலாம். சட்டத்தைப் பற்றி உடலை மேலே இழுக்கலாம். ஆனால் குதித்து இறங்குதல் ஆகவே ஆகாது. கீழே உயர்ந்த வாங்கொன்றும் பக்கத்தில் ஒரு தோழனும் வேண்டும். நாம் அஞ்சுவது பயிற்சியை அன்று. நிலத்திற் கிடக்கும் பாரத்தை எடுக்க அவன் தனியே குனிவதையே. நின்றபடி பாரந்தூக்குதல் பின்னொரு நாளைக்கு உரியது.

ஒன்று மறத்தற்கில்லை. கையின் உழைப்பு தொடையை வளர்க்காது. முழங்கால் நொந்தவுடன் தொடைத்தசை விரைவில் மெலியும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அமெரிக்க இராணுவ வைத்தியரான தோமஸ் டிலோர்ம், முழங்கால் நொந்த போர்வீரருக்குப் படிப்படியாகப் பாரமேற்றித் தொடையைத் தேற்றிய முறையை 1945 இல் வெளியிட்டார். இளமையில் நோயுற்றுப் பின் பாரந்தூக்கித் தம் உடலைத் தேற்றியவர் அவர். அதற்கு முன்னரே, 1894 இல், யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் என்பார், ஒரு கையைப் பயிற்றினால் பயிற்றாத மறுகையும் ஓரளவு வலுப்பெறுதலைக் கண்டு எழுதினார். ஆகவே நோகாத காலையும் சும்மா விடலாகாது.

அகன்ற மார்பையும் திரண்ட புயத்தையும் கண்டு, 'பையன் தேறிவிட்டான்' என்று பெரும்போட்டிக்கு அவனை இழுத்துச் செல்லும் ஆவல் எழும். அங்கேதான் கேடு. இரு தொடைகளையும் ஒப்பிட்டு அளந்து விடைகொடுக்க வேண்டியவர் வைத்தியர். அணித்தலைவர் அல்லர், வேலியோரம் நின்று ஆரவாரிக்கும் பழைய மாணவரும் அல்லர்.

ஜூபிலி நினைவாக வாயிலில் வளைவு கட்டலாமென்று அன்பர் சிலர் விரும்புகின்றனர். வளைவு அழகுதான். எனினும் மைதானத்தருகே ஒரு சிறு அறை, இரண்டு வாங்கு, ஒரு சட்டம், சில சோடிக் கைப்பாரங்கள், வாரம் ஒருமுறை வந்துபோகும் இயன்மருத்துவருக்கு வேதனம் ஆகியவற்றையே நாம் முதலில் வேண்டுவோம். அவ்வறையின் திறப்பு அலுவலக ஆணியிலே தொங்காது, மாலைதோறும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர் கையில் இருத்தல் வேண்டும்.