காற்று நமது, கடலடி எவரது?

கடலில்லாக் காஞ்சிக்குக் கடலடி மண்ணைப் பற்றி என்ன கவலை என்று கேட்கிறாயா, தோழனே? 2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமானபோது கோவளமும் மாமல்லையும் அதனோடு சென்றுவிட்டன. மெய்தான். எனினும் தறியறிந்த ஊருக்கு இவ்வழக்கு விளங்குவதுபோல் வேறெவர்க்கும் விளங்காது. பட்டும் சரிகையும் முதலாளியுடையவை. உழைப்பு மட்டுமே நெசவாளியுடையது. நெய்து முடித்த சேலைமீது அவனுக்கு உரிமையில்லை, கூலி உண்டு. 1953இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்ற இயக்கத்துக்கு இந்த வேதனை புதிதன்று.

முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்வதைக் கண்டிருப்பாய். அதே காற்று தென்கடலின்மேல் தங்குதடையின்றி வீசுகிறது. கடலுக்குள் தூண் நாட்டினால், தமிழகக் கடற்பகுதியில் மட்டும் ஏறத்தாழ 35,000 மெகாவாட் எடுக்கலாம் என்பது மத்திய அரசே தரும் மதிப்பீடு.

அந்தத் தூணை நாட்ட இடம் கொடுப்பவர் யார்? 2023 டிசம்பரில் வெளிவந்த கடல் காற்றாலைக் குத்தகை விதிகள் விடை கூறுகின்றன. எழுதிக் கொடுப்பது மத்திய அரசு. காலம், 35 ஆண்டுகள். குத்தகைப் பணம், சதுர கிலோமீட்டருக்கு ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய். அது போய்ச் சேருமிடம் டில்லிக் கருவூலம். பத்திரத்திலே தமிழகம் கையொப்பமிட ஓர் இடமும் இல்லை!

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? அரசியல் சட்டத்தின் 297ஆம் விதியிலிருந்து. கரையோரக் கடலின் அடிமண் தொடக்கத்திலேயே டில்லியிடம் இருந்தது. கண்டத்திட்டு 1963இல் பதினைந்தாவது திருத்தத்தால் சேர்ந்தது. அதே ஆண்டு வந்த பதினாறாவது திருத்தத்தை நம்மவர் மறப்பரோ? பிரிவினைத் தடையைப் பற்றி நாடே பேசியது. அதன் உடன்பிறப்பாக வந்த கடலடித் திருத்தத்தை இன்று நினைப்பவர் எத்தனை பேர்? பின்னர் 1976. சனவரி 31இல் கழக ஆட்சி கலைக்கப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு தமிழகத்தில் இல்லாத அந்த ஆண்டிலேதான் நாற்பதாவது திருத்தமும், 200 கடல்மைல் வரைக்குமான கடல் மண்டலச் சட்டமும் பிறந்தன. அந்தச் சட்டத்தின் பிள்ளைகளே இன்றைய குத்தகை விதிகள்.

விந்தையைப் பார்! பன்னிரண்டு கடல்மைல் வரை மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மீன் நமது பொறுப்பு. மீன் நீந்தும் நீருக்கடியில் உள்ள மண் டில்லியின் சொத்து. நடுக்கடலில் பிறக்கும் மின்சாரம் கரையேற வேண்டுமானால், அந்தப் பன்னிரண்டு மைலையும் கடந்து கம்பிவடம் வரவேண்டும். வலை வீசும் மீனவனின் வழியில் வடம் கிடக்கும். வடம் கரையேறும் இடத்தில் துணைமின் நிலையத்துக்கு நிலம் வேண்டும். அந்த நிலம் தமிழகத்தினது. பிழைப்புப் போகுமானால் வீதிக்கு வரும் மீனவனுக்கு விடை சொல்லவேண்டியதும் தமிழகம்.

நியாயத்தையும் சொல்லிவிடுவோம். 2024 சூனில் மத்திய அமைச்சரவை இதற்கென 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு இசைவளித்தது. குசராத்தில் 500 மெகாவாட், தமிழகத்தில் 500 மெகாவாட். கடலிலிருந்து மின்சாரத்தைக் கரைசேர்க்கும் அமைப்பை பவர் கிரிட் நிறுவனம் கட்டும் என்பதும் அதிலே அடக்கம். வரவேற்கிறோம். ஆனால் பணம் கொடுத்தவன் பத்திரம் முழுவதையும் தன் பெயருக்கே எழுதிக்கொள்வதற்குப் பெயர் உதவியாகுமா?

கடலடியில் பங்கு கேட்டால் "பிரிவினை" என்று கூச்சலிடுவோர் உண்டு. அவர்கள் ஸ்காத்லாந்தைப் பார்க்கட்டும். பிரிட்டன் கூட்டாட்சி நாடுகூட அன்று. ஆயினும் 2017இல் ஸ்காத்லாந்துக் கடற்படுகையின் நிருவாகம் எடின்பரோவுக்கு மாற்றப்பட்டது. 2022 சனவரியில் அங்கே காற்றாலைக்குக் கடற்படுகை ஒதுக்கியபோது வந்த ஏறத்தாழ 70 கோடி பவுன், ஸ்காத்லாந்து அரசுக்கே உரியதாயிற்று. பிரிட்டன் உடைந்தா போயிற்று?

வெளிநாடு வேண்டாமெனில் உத்திரமேரூருக்கு வா. பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே சுவரிலே நிற்கிறது. ஏரியைக் காக்க ஏரி வாரியம்; அதன் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கக் குடவோலை. மன்னன் ஆண்டான், மறுக்கவில்லை. ஏரியை ஊர் ஆண்டது.

கடற்படை டில்லியிடமே இருக்கட்டும். நாம் கேட்பது, குத்தகைப் பத்திரத்தில் மாநிலத்தின் ஒப்பம், குத்தகைப் பணத்தில் மாநிலத்தின் பங்கு, வடம் செல்லும் வழியை வகுக்குமுன் மீனவர் ஊர்களின் சொல். காஞ்சிப் பட்டிலே உடலும் கரையும் தனித்தனி நிறம். கோர்வை போட்டு இணைக்க, இருபுறமும் இருவர் அமர்ந்து நாடா எறிகிறார்கள். ஒருவர் எழுந்து போனால் கரை நிற்காது.

மாநில சுயாட்சியை ஆராய 2025இல் தமிழக அரசு குரியன் சோசப் தலைமையில் குழு அமைத்தது. கல்வி, வரி, ஆளுநர் என்று நம் மேடைகள் நிறையப் பேசிவிட்டன. அடுத்த கூட்டத்தில் 297 என்ற எண்ணையும் சேர்த்துச் சொல், தோழனே. குத்தகைப் பத்திரங்கள் எழுதப்படுமுன் சொல்.