பேய்க் காதலைப் பழிக்குமுன்

குன்றத்தூரில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களின் போனை எட்டிப் பார்த்தால் (பார்க்கக் கூடாதுதான்) ரீல்ஸுக்கு நடுவே ஒரு கதையும் ஓடும். செத்தவன் காதலியைத் தேடி வருவான். போன ஜென்மத்துக் கணவன் இந்த ஜென்மத்தில் கதவைத் தட்டுவான். 'அமானுஷ்யக் காதல்' என்று பிரதிலிபி மாதிரியான செயலிகளில் குவிந்து கிடக்கும் குறுநாவல்கள். படித்தவர்கள் இவற்றுக்கு ஒரே மூச்சில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: மூடநம்பிக்கை, வெள்ளைக்காரனின் ரத்தக்காட்டேரிக் கதையைப் பார்த்து அடித்த காப்பி, நிஜத்தைப் பார்க்கத் துணியாதவர்களின் போதை. மூன்றும் தப்பு.

காப்பி என்பதை முதலில் முடித்துவிடலாம். ஸ்டெபனி மேயரின் 'ட்வைலைட்' வந்தது 2005இல். இதே குன்றத்தூரில் பிறந்து, இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்து, ஊரில் திருநாகேஸ்வரம் கோயிலையும் கட்டிய சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுக்காரர். அவருடைய பெரிய புராணத்தை அமானுஷ்யக் காதல் கதையாகப் படிக்கலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பக்தியைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. கதை கட்டிய கையையும் கொஞ்சம் பாருங்கள் என்கிறேன்.

திருவொற்றியூரில் சங்கிலியைக் கண்டு மயங்குகிறார் சுந்தரர். திருவாரூரில் பரவை என்ற மனைவி ஏற்கெனவே இருக்கிறாள். அதனால் 'பிரிய மாட்டேன்' என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம். சுந்தரர் சாமியிடமே பேரம் பேசுகிறார்: நான் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீர் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் போய் இரும். சிவனும் சரி என்கிறார். ஆனால் சங்கிலியின் கனவில் போய், சத்தியத்தை மகிழடியில் கேட்டு வாங்கு என்று சொல்லிவிடுகிறார். காலையில் 'சன்னிதி வேண்டாம், மகிழடியே போதும்' என்று தோழிகள் சொன்னபோது சுந்தரர் முகம் எப்படிப் போயிருக்கும்! வேறு வழியின்றி அங்கேயே வாக்குக் கொடுக்கிறார். வசந்தம் வருகிறது, ஆரூர் இழுக்கிறது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. ஒரு கண் காஞ்சியில் திரும்பி வருகிறது, இன்னொன்று ஆரூரில். பரவையின் கோபம் அப்போதும் தணியவில்லை. நள்ளிரவில் சிவனே தூது நடக்கிறார். முதல் தடவை வெறுங்கையோடு திரும்பி, மறுபடியும் நடக்கிறார்.

இந்த வகைக் கதையின் திருப்தி இங்கேதான் இருக்கிறது. கதைக்குள் ஒரு விதி உண்டு. சாமிக்கே தோழன் என்றாலும் அதில் சலுகை கிடையாது. வாக்கை மீறினால் விலை உண்டு, அதுவும் ஊர் எல்லையிலேயே. பழையனூர் நீலி கதையிலும் ஆளை உலுக்குவது நீலி மட்டுமல்ல. நீலிப் பேய்க்குப் பயந்த வணிகனின் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று சொன்ன எழுபது வேளாளர்கள், அவன் செத்ததும் சொன்ன சொல்லுக்காகத் தாங்களும் தீயில் இறங்கினார்கள். ராணிமுத்து, மாலைமதி காலத்திலிருந்து மாத நாவலின் அளவு இதற்கு வாகாக இருந்திருக்கிறது: ஒரு விதி, ஒரு மீறல், ஒரு விலை. அதற்கு மேல் பக்கம் கிடைத்தால் மாமியார் உள்ளே வந்துவிடுவார்.

இனி நிஜத்துக்கு வருவோம். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கான்ட்ராக்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு 'அடுத்த வருஷம் பெர்மனென்ட்' என்ற வாக்கின் கதி தெரியும். சொன்னவருக்குக் கண் போவதில்லை. நல்ல சம்பளத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார். கொடுத்த வாக்கு ஆளைக் கட்டிப்போடும் உலகத்தில் பஸ் பயண நேரம் மட்டும் இருந்துவிட்டு வருகிறவளுக்கு நிஜம் தெரியாது என்று யார் சொல்வது? மூடநம்பிக்கைக் குற்றச்சாட்டும் இப்படித்தான். நைட் ஷிப்ட் முடிந்து நடந்து வருகிறவள் பயப்படுவது பின்னால் மெதுவாக வரும் பைக்குக்கு; புளியமரத்துக்கு அல்ல.

எல்லாக் கதையும் நல்ல கதை என்று வக்காலத்து வாங்கவில்லை. பாதிக்கு மேல் மட்டம். அவற்றின் குற்றம் பேய் அல்ல, கடைசி அத்தியாயம். 'தொட்டால் அழிந்துபோவாய்' என்று முதல் பக்கத்திலிருந்து மிரட்டிவிட்டு, முடிவில் ஆவிக்கு உடம்பு கொடுத்து, யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லாமல் தாலி கட்ட வைப்பார்கள். வாசகிகள் கேட்பதே சுபமான முடிவைத்தானே என்பார்கள்.

அதற்கும் பெரிய புராணத்தில் பதில் உண்டு. மயிலாப்பூரில் சிவநேசர் தன் மகள் பூம்பாவையைச் சம்பந்தருக்கென்றே வளர்க்கிறார். பாம்பு கடித்து அவள் இறந்துபோக, எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்துக் காக்கிறார். சம்பந்தர் வந்து பதிகம் பாட, குடத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பெண் எழுந்து நிற்கிறாள். ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார் தகப்பன். உயிர் கொடுத்ததால் இவள் எனக்கு மகள் என்று மறுத்துவிடுகிறார் சம்பந்தர். சிவநேசர் அழுது விழுந்தும் பயனில்லை. அறுபத்துமூவர் விழாவன்று, பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள், இதைக் கபாலீஸ்வரர் கோயிலில் இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். முடிவு தெரிந்துதான் அத்தனை கூட்டமும் வருகிறது. பூம்பாவை கன்னிமாடத்துக்கே திரும்பி, சிவத்தைச் சேர்ந்தாள் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, சேக்கிழார் சம்பந்தரோடு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்.