உடற்பயிற்சிக்கு எதற்கு பாஸ்வேர்டு?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் 'முதுகு வலி' என்று இன்டர்நெட்டில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அடுத்த ஒரு வாரத்துக்கு எந்தத் தளத்துக்குப் போனாலும் ஏதாவது ஓர் உடற்பயிற்சி இயந்திரத்தின் விளம்பரம் உங்கள் பின்னாலேயே வரும். டச் ஸ்கிரீன், ப்ளூடூத், ஆப், செயற்கை நுண்ணறிவு பயிற்சியாளர், போதாததற்கு மாதத் தவணை வேறு! திருவண்ணாமலையில் உட்கார்ந்து சாப்ட்வேர் எழுதுபவன் என்பதால், பிளக் உள்ள எந்தப் பொருளை வாங்குவதானாலும் தெருவில் உள்ளவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். இந்த இயந்திரங்களைப் பற்றிக் கேட்டால் நான் சொல்லும் பதில், "வேண்டாம் சார்" என்பதுதான்.

ஒரு சாப்ட்வேர் இன்ஜினியரே இப்படிச் சொல்லலாமா என்கிறீர்களா? சாப்ட்வேர் எழுதுபவன் என்பதால்தான் சொல்கிறேன். ஒரு பொருள் எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் வேலை செய்யும் என்றால், அதன் ஆயுள் உங்கள் கையில் இல்லை. கம்பெனி கையில் இருக்கிறது.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். பெலோட்டான் என்ற கம்பெனியின் 'ட்ரெட் பிளஸ்' டிரெட்மில்லில் சிக்கி ஒரு குழந்தை இறந்தது. 2021 மே மாதம் சுமார் 1,25,000 இயந்திரங்களைத் திரும்பப் பெறுவதாகக் கம்பெனி அறிவித்தது. பிறகு, குழந்தைகள் தெரியாமல் இயக்கிவிடாதபடி பூட்டு எண் ஒன்றை அப்டேட்டாக அனுப்பியது. நல்ல விஷயம்தானே? ஆனால் அந்தப் பூட்டு, மாதம் 39 டாலர் சந்தா கட்டுபவர்களுக்கு மட்டுமே வேலை செய்யும்படி இருந்தது. சந்தா இல்லாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்தவர்கள், ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய சொந்த டிரெட்மில்லில் ஏறி ஓட முடியாமல் நின்றார்கள்! கூச்சல் எழுந்த பிறகு சில மாதச் சந்தாவைத் தள்ளுபடி செய்தார்கள். சுவரில் மாட்டும் 'மிரர்' என்ற பயிற்சிக் கண்ணாடியின் கதை இதைவிடச் சுருக்கம். லுலுலெமன் கம்பெனி 2020-ல் அதை 50 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ல், இனி அதை விற்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது.

சரி, இரும்பு ராடும் பிளேட்டும் அப்படி என்ன செய்துவிடும்?

தசை வலுவாகும் விதம் ரொம்ப எளிமையானது. நேற்று சுமந்ததைவிட இன்று கொஞ்சம் அதிகம் சுமக்க வேண்டும். போதுமான ஓய்வும் சாப்பாடும் கொடுத்தால் உடம்பு அதற்கேற்ப மாறிக்கொள்ளும். 1940-களில் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், காயம்பட்ட வீரர்களுக்கு இப்படிப் படிப்படியாக எடையைக் கூட்டிப் பயிற்சி கொடுத்துத்தான் இந்த முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். இதற்கு பார்பெல்லைவிட வசதியான கருவி இன்னும் வரவில்லை. பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட் ஒன்று சேர்த்தால் 2.5 கிலோ கூடிவிடும். அதற்கு மெனு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. 2018-ல் வந்த 'டோனல்' என்ற இயந்திரம் பிளேட்டுக்குப் பதில் மின்காந்த மோட்டாரால் இழுவிசை கொடுக்கிறது. இன்ஜினியராக அந்த வேலைப்பாட்டை நான் ரசிக்கிறேன். ஆனால் வந்த புதிதில் அதன் உச்ச எடை 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோதான். நம் ஊர் பழைய ஜிம்மில் மூலையில் கிடக்கும் பிளேட்டுகளைக் கூட்டினாலே அதைத் தாண்டிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் விண்வெளியில் இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் எடை என்பதே உணரப்படாது என்பதால் வீரர்களின் எலும்பும் தசையும் கரைகின்றன. அதற்காக 2008 நவம்பரில் எண்டெவர் விண்கலத்தில் 'ஏரெட்' என்ற கருவியை அனுப்பினார்கள். வெற்றிட சிலிண்டர்களைக் கொண்டு 600 பவுண்டு வரை எதிர்ப்பு கொடுக்கும் கருவி அது. அத்தனை தொழில்நுட்பமும் எதற்கு? தோளில் ராடு வைத்து உட்கார்ந்து எழ, அதாவது நம் பஸ்கி எடுக்க! தரையிலிருந்து எடை தூக்குவதும் அதில் உண்டு. பூமியில் ஒரு ராடு செய்யும் வேலையை அங்கே செய்துகாட்டத்தான் அவ்வளவு பாடு. திருவண்ணாமலையில் புவியீர்ப்பு இலவசம்.

பக்கத்து வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்டு கோஸ்டிலும் தங்கம். அவர் கையில் இருந்ததும் ராடும் பிளேட்டும்தான். அவர் அளவுக்கு நாம் தூக்க வேண்டியதில்லை. ஆனால் நமக்கும் பலம் வேண்டும்.

என் அம்மாவுக்கு 56 வயது. தரையில் உட்கார்ந்து பூ கட்டினால், எழும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொள்வார். முழங்காலைப் பார்த்த டாக்டர், மூட்டில் பெரிய கோளாறு இல்லை, தொடைத் தசைதான் பலவீனம் என்றார். சித்தப்பா உடனே 90 ஆயிரம் ரூபாய்க்கு ஓர் ஆப் வைத்த இயந்திரத்தைக் காட்டினார். அந்தப் பணம் தங்கையின் செமஸ்டர் பீஸுக்கு வைத்திருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் மாதம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்ததுதான் பயிற்சி. பிறகு ஐயாயிரத்துக்குள் ஒரு சின்ன ராடும் பிளேட்டுகளும் வாங்கினோம். உள்ளூர் ஜிம் மாஸ்டர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, முதுகை எப்படி நேராக வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். ஏழாவது மாதம், நிரம்பிய காஸ் சிலிண்டரை அம்மாவே நகர்த்தி மாற்றிவிட்டு, "உன் மீட்டிங் முடியற வரைக்கும் குழம்பு காத்திருக்குமாடா?" என்றார். அந்த சிலிண்டர் சுமார் 30 கிலோ!

இயந்திரமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. 2023-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, தசை வளர்ச்சியைப் பொறுத்தவரை சாதாரண ஜிம் இயந்திரத்துக்கும் பார்பெல்லுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆபரேஷன் முடிந்து தேறுபவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட் சொன்னால் இயந்திரம்தான் சரி. நான் சந்தேகப்படுவது அதன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்கிரீனையும் சந்தாவையும்தான். நடைக்கு நமக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இருக்கிறது. (விடியற்காலை நாய்களுக்குப் பயந்து ஒருவர் சாதாரண டிரெட்மில் வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன்.) ஆனால் நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். மற்றவர்கள் வெறும் ராடில் தொடங்குங்கள். வீடியோ பார்த்துத் தானாகக் கற்பதைவிட, பக்கத்தில் நின்று திருத்த ஓர் ஆள் இருப்பது நல்லது.

புதுக் கம்ப்யூட்டருக்கும் இதில் ஒரு வேலை உண்டு. எக்ஸெலில் ஒரு ஷீட் திறந்து தேதி, பயிற்சி, எடை, எண்ணிக்கை என்று நான்கு தலைப்பு போடுங்கள். பயிற்சி முடிந்த கையோடு ஒரு வரி டைப் செய்யுங்கள். மூன்று மாதம் கழித்து எடை காலத்தை செலக்ட் செய்து, இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட் கொடுத்தால் கோடு ஏறுகிறதா என்று தெரியும். அந்த ஆப்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டும் படமும் ஏறக்குறைய இதுதான். பைலை மாதம் ஒருமுறை பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள்.