பிள்ளைக்கு அமெரிக்க குடியுரிமை கிடைச்சாச்சு... அப்பா, அம்மாவுக்கு கிரீன் கார்டு உடனே கிடைக்குமா? முழு விளக்கம்

"சிட்டிசன்ஷிப் வந்துடுச்சும்மா... இனி நீங்க ரெண்டு பேரும் இங்கேயே வந்துடலாம்."

டல்லாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் மகன் வீடியோ காலில் இதைச் சொல்லும்போது, இந்தப் பக்கம் மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் அம்மாவுக்கு பல வீடுகளில் எழுபது வயது நெருங்கியிருக்கும். சட்டப்படி பார்த்தால் பெற்றோருக்கு காத்திருப்பு வரிசையே கிடையாது. அப்புறம் ஏன் இவ்வளவு வருஷம் ஆகுது?

பெற்றோருக்கு வரிசை இல்லை, பிள்ளைக்கு உண்டு

அமெரிக்க குடிவரவுச் சட்டத்தில் 'உடனடி உறவினர்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. அமெரிக்கக் குடிமகன் அல்லது குடிமகளின் வாழ்க்கைத் துணை, 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் இதில் வருகிறார்கள். பெற்றோர் இந்தப் பட்டியலில் சேர்ந்தது 1965-ஆம் ஆண்டு சட்டத்தில். ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு இவர்களுக்கு இல்லை. ஒரே நிபந்தனை, ஸ்பான்சர் செய்யும் பிள்ளை 21 வயதைத் தாண்டிய அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும்.

இங்கேதான் முக்கியமான விஷயம். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் மனைவியை, திருமணமாகாத பிள்ளைகளை ஸ்பான்சர் செய்யலாம். பெற்றோரை முடியாது.

சரி, குடியுரிமை எப்போ கிடைக்கும்? கிரீன் கார்டு வாங்கி பொதுவாக 5 ஆண்டுகள் கழித்து. கிரீன் கார்டு எப்போ கிடைக்கும்? இந்தியாவில் பிறந்து ஹெச்-1பி விசாவில் போனவர்களுக்கு அதுதான் பெரிய கேள்வி. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் உச்சவரம்பு இருப்பதால், 2025 அக்டோபர் மாத விசா புல்லட்டினில் இந்தியர்களுக்கான இபி-2, இபி-3 பிரிவுகள் இரண்டும் 2013-ஆம் ஆண்டில்தான் நின்றுகொண்டிருந்தன. அதாவது 12 ஆண்டுகளுக்கு முன் வரிசையில் நின்றவருக்கு அப்போதுதான் முறை வந்தது. அதோடு ஒரு 5 ஆண்டைக் கூட்டிப் பாருங்கள். 2013-ல் 55 வயதாக இருந்த அப்பாவுக்கு, மகன் குடிமகனாகும்போது வயது 72.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அம்மாவை அங்கே நிரந்தரமாக அழைக்க வேண்டுமென்றால், பிள்ளை முதலில் இந்தியக் குடியுரிமையை விட்டாக வேண்டும். ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது குடியுரிமை ஆகாது.

அப்பாவுக்கு தனி, அம்மாவுக்கு தனி

விண்ணப்பத்தின் தொடக்கம் ஐ-130 என்ற மனு. அப்பா, அம்மா இருவரையும் ஒரே மனுவில் சேர்க்க முடியாது, தனித்தனியாகப் போட வேண்டும். 2024 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி ஒரு மனுவுக்கு ஆன்லைனில் 625 டாலர், காகிதத்தில் அனுப்பினால் 675 டாலர். மனு ஏற்கப்பட்ட பிறகு விசா கட்டணம் ஒருவருக்கு 325 டாலர், ஸ்பான்சர் உறுதிமொழிப் பத்திரத்தைப் பரிசீலிக்க 120 டாலர், விசா கிடைத்தபின் கிரீன் கார்டு அச்சிட 235 டாலர். மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசிச் செலவெல்லாம் இதில் சேராது. மொத்த நடைமுறையும் முடிய பொதுவாக ஓராண்டைத் தாண்டிவிடும்.

சென்னையில் அமெரிக்க துணைத் தூதரகம் இருந்தாலும், இந்தியர்களுக்கான குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையில்தான். முழங்கால் வலியோடு இருக்கும் பெற்றோருக்கு இது தனிப் பயணம், மறந்துடாதீங்க.

இந்த 'உடனடி உறவினர்' பிரிவில் கூடவே யாரையும் சேர்த்துக் கூட்டிப்போக முடியாது. வீட்டில் 19 வயது தங்கை இருந்தால் அவள் அம்மாவின் மனுவில் வரமாட்டாள். அண்ணன் நேரடியாக தங்கைக்கு மனு போடலாம். ஆனால் உடன்பிறந்தோருக்கான எஃப்-4 பிரிவில் 2025 இறுதியில் இந்தியர்களுக்கு 2006-ஆம் ஆண்டு மனுக்கள்தான் நகர்ந்துகொண்டிருந்தன. அம்மாவுக்கு ஒன்றரை, இரண்டு வருஷம், தங்கைக்கு ஏறத்தாழ இருபது வருஷம். அம்மா போய் கிரீன் கார்டு வாங்கி மகளுக்கு மனு போடும் வழியும் இருக்கிறது. அதிலும் பல ஆண்டுகள் ஆகும், அதற்குள் மகளுக்குத் திருமணமானால் அந்த மனு செல்லாது.

மாமனார், மாமியார்? மருமகன் ஸ்பான்சர் செய்ய முடியாது. மகள் குடிமகளானால் அவர்தான் தன் பெற்றோருக்கு மனு போட வேண்டும். யாருடைய பெற்றோர் முதலில் வருகிறார்கள் என்பதை பல குடும்பங்களில் சட்டமே முடிவு செய்துவிடுகிறது.

இனிஷியல் படுத்தும் பாடு

கட்டணத்தை விட நம்மூர்க்காரர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது ஆவணங்களில்தான். அம்மாவுக்கு என்றால், அம்மா பெயர் இருக்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அப்பாவுக்கு என்றால், அதோடு பெற்றோரின் திருமணச் சான்றிதழும் வேண்டும்.

எண்பதுகளில் பாட்டி வீட்டில் பிறந்தவருக்கு பிறப்பே பதிவாகாமல் இருக்கலாம். பதிவாகியிருந்தாலும் குழந்தையின் பெயர் இடம் காலியாக இருக்கும். கல்யாணம் கோயிலில் நடந்திருக்கும், பத்திரிகையும் ஆல்பமும் இருக்கும், சான்றிதழ் இருக்காது. தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானதே 2009-ல்தான். இதற்கு வழி இருக்கிறது. பிறப்பு பதிவாகவில்லை என்று உள்ளாட்சி அலுவலகத்தில் சான்று வாங்கி, கூடவே பள்ளிச் சான்றிதழ், பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினர்களின் நோட்டரி உறுதிமொழி ஆகியவற்றை வைக்கலாம். திருமணத்தை இப்போதும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய முடியும்.

பெயர் விவகாரம் இன்னும் சுவாரஸ்யம். 'எஸ்' என்ற இனிஷியல் அப்பாவின் பெயர் என்பது நமக்கு சொல்லாமலே புரியும். அமெரிக்க அதிகாரிக்கு பள்ளிச் சான்றிதழில் 'எஸ். குமார்', பாஸ்போர்ட்டில் 'குமார் சுப்பிரமணியன்', அப்பாவின் ஆதாரில் 'சுப்ரமணியம்' என்றிருந்தால் மூன்றும் மூன்று பேர். 'யன்'னுக்கும் 'யம்'முக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விண்ணப்பம் மாதக்கணக்கில் நிற்கலாம். மனு போடுவதற்கு முன்பே இதைச் சரி செய்வது நல்லது.

கையெழுத்து போடும் முன் படிக்க வேண்டிய பத்திரம்

ஐ-864 என்ற உறுதிமொழிப் பத்திரத்தை பலரும் ஒரு சடங்காக நினைத்துக் கையெழுத்திடுகிறார்கள். அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஸ்பான்சரின் வருமானம் அமெரிக்க வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், வரப்போகும் பெற்றோர் என ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு 2025 கணக்குப்படி இது சுமார் 53,937 டாலர். ஐடி வேலையில் இருப்பவருக்கு இது பெரிய தடையில்லை. குறைந்தால் இன்னொருவரைக் கூட்டு ஸ்பான்சராகச் சேர்க்கலாம்.

கவனிக்க வேண்டியது காலம். பெற்றோர் அமெரிக்கக் குடியுரிமை பெறும் வரை, அல்லது ஏறத்தாழ 10 ஆண்டு வேலைக் கணக்கு சேரும் வரை, அல்லது நிரந்தரமாக நாடு திரும்பும் வரை, அல்லது இறக்கும் வரை இந்தப் பொறுப்பு தொடரும். நடுவில் பிள்ளைக்கு வேலை போனாலும் பொறுப்பு போகாது.

விசாவை விட பெரிய கேள்வி: ஆஸ்பத்திரி

இந்த விவகாரத்தில் உண்மையான சுமை இதுதான் என்பது எங்கள் கணிப்பு. 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், புதிதாக வந்த பெற்றோருக்கு உடனே கிடையாது. கிரீன் கார்டோடு 5 ஆண்டுகள் தொடர்ந்து வசித்த பிறகே காசு கொடுத்து சேர முடியும். அங்கே வேலை பார்த்த கணக்கே இல்லாதவருக்கு 2025-ல் மருத்துவமனைப் பகுதிக்கு மாதம் 518 டாலர், மருத்துவர் பகுதிக்கு 185 டாலர். ஒருவருக்கு மட்டும் மாதம் 703 டாலர். அதுவரையிலான 5 ஆண்டுகளுக்கு, 'ஒபாமா கேர்' என்று அழைக்கப்படும் சந்தையில் தனியார் காப்பீடு எடுக்க வேண்டியதுதான். பிள்ளையின் அலுவலகக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

இதற்கு மேல் ஒரு புதிய கவலை. நீரிழிவு, இதய நோய், உடல் பருமன் போன்ற பிரச்னைகள் உள்ளவர்கள் அரசுக்குச் சுமையாவார்களா என்பதை விசா முடிவின்போது எடைபோடச் சொல்லி, அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு வழிகாட்டுதல் அனுப்பியதாக 2025 நவம்பரில் செய்திகள் வெளியாகின. சுகர் இல்லாத எழுபது வயதுக்காரர் நம்ம வீடுகளில் எத்தனை பேர்? நோய் இருந்தாலே நிராகரிப்பு என்று இதற்குப் பொருளில்லை. சிகிச்சைச் செலவை யார், எப்படி ஏற்பார்கள் என்பதற்கு காப்பீட்டுத் திட்டம், வங்கி இருப்பு போன்ற ஆதாரங்களோடு நேர்காணலுக்குப் போவது புத்திசாலித்தனம்.

இந்த வழியே மூடப்படுமா?

முயற்சி நடந்திருக்கிறது. 2017-ல் செனட்டர்கள் டாம் காட்டன், டேவிட் பெர்டியூ கொண்டுவந்த 'ரெய்ஸ்' மசோதா, பெற்றோர் கிரீன் கார்டை நீக்கிவிட்டு, வேலை செய்ய அனுமதியில்லாத 5 ஆண்டு தற்காலிக விசா தரச் சொன்னது. காப்பீட்டை பிள்ளையே ஏற்க வேண்டும் என்றது. ட்ரம்ப் ஆதரித்தார், மசோதா நிறைவேறவில்லை. குடும்ப வழி குடியேற்றத்தை அவர் கடுமையாக எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான், 2018 ஆகஸ்ட்டில், அவருடைய மனைவி மெலனியாவின் பெற்றோர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்கள்!

மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் அமெரிக்க வழி தாராளம்தான். ஈழத்தமிழர்கள் அதிகம் வாழும் கனடாவில் கிரீன் கார்டுக்கு இணையான நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களே பெற்றோரை ஸ்பான்சர் செய்யலாம், ஆனால் குலுக்கல். 2020-ல் பெயர் கொடுத்தவர்களுக்கே 2025 வரை அழைப்பு போய்க்கொண்டிருந்தது. அதனால் அங்கே பலரும் ஒரே முறையில் 5 ஆண்டு தங்க வைக்கும் 'சூப்பர் விசா'வுக்குப் போகிறார்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு விசா இல்லை.

ஆறு மாசம் இங்கே, ஆறு மாசம் அங்கே... நடக்குமா?

பல பெற்றோர் மனதில் இருப்பது இதுதான். குளிருக்கு ஊருக்கு வந்துடலாம், பொங்கல் முடிஞ்சு போகலாம். ஆனால் கிரீன் கார்டு என்பது அங்கே வசிப்பதற்கான அட்டை, போய்வரும் அட்டை அல்ல. 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விமான நிலையத்தில் கேள்வி வரும். முன் அனுமதி இல்லாமல் ஓராண்டைத் தாண்டினால் அந்த அட்டையை வைத்து நுழைய முடியாது. அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பித்து மறுநுழைவு அனுமதி வாங்கினால் 2 ஆண்டு வரை வெளியே இருக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் போய் முகம் காட்டிவிட்டு வந்தால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

5 ஆண்டு கழித்து குடியுரிமை வாங்கிவிட்டால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அதற்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். 55 வயதைத் தாண்டியவர் கிரீன் கார்டோடு 15 ஆண்டு வசித்திருந்தால்தான் அந்தத் தேர்விலிருந்து வயது விலக்கு. எழுபதில் போகும் அம்மாவுக்கு அது 85 வயதில்.

பேரப்பிள்ளைகளோடு சில மாதங்கள் இருந்தால் போதும் என்பவர்களுக்கு பி-2 சுற்றுலா விசாவே சரியாக இருக்கும். இந்தியர்களுக்கு வழக்கமாக 10 ஆண்டுக்குத் தருகிறார்கள், ஒவ்வொரு முறையும் 6 மாதம் வரை தங்கலாம். ஆனால் வரிசை முக்கியம். ஐ-130 மனு போட்ட பிறகு சுற்றுலா விசா கேட்டால், 'திரும்பி வரமாட்டார்' என்று சந்தேகப்பட்டு மறுக்க அதிகாரிக்கு அது காரணமாகிவிடும். சுற்றுலா விசாவில் கூட்டிப்போய் அங்கேயே கிரீன் கார்டுக்கு மாற்றும் திட்டத்தோடு போவதும் ஆபத்து. நுழையும்போதே அந்த நோக்கம் இருந்தது தெரிந்தால் மோசடியாகக் கருதப்படலாம்.

ஏற்கெனவே கிரீன் கார்டு வாங்கி, அங்கே இருக்கப் பிடிக்காமல் ஊர் திரும்பிய பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐ-407 என்ற படிவம் இருக்கிறது. அதில் கையெழுத்திட்டு அட்டையை ஒப்படைத்துவிட்டு, பிறகு சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்துக்கு கட்டணம் கிடையாது.