விலங்கு போயிற்று, வீடு எங்கே?

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீ! ஓடினார்களா? ஓட முடியவில்லை, காலிலே சங்கிலி! மாண்டவர் 28 பேர். நெருப்பா கொன்றது? இல்லை தோழர்களே, சங்கிலி கொன்றது!

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலிக்குத் தடை போட்டது. அதன் 19-ஆம் பிரிவு, ஏற்க வீட்டார் இல்லை என்பதற்காக மட்டும் எவரையும் காப்பகத்திலேயே வைத்திருக்கலாகாது என்கிறது. நன்று! வெளியே வந்தவர் எங்கே போவார்? சட்டப் புத்தகத்தின் மேலா படுத்துறங்குவார்?

சென்னையில் 1993-இல் தோன்றிய 'தி பான்யன்' அமைப்பு வழி காட்டியிருக்கிறது. ஊருக்குள்ளே வாடகை வீடு, நாலைந்து பேர், உடனிருக்கப் பணியாளர். மாத்திரையை நினைவூட்டுவார், உலை வைக்கக் கைகொடுப்பார், கடைத்தெருவுக்குத் துணை போவார், இல்லாத குரல் கேட்டு நடுங்குபவர் அருகே விடியும்வரை உட்கார்ந்திருப்பார். இதைத் 'தொண்டு' என்று மாலை போடுவோர் உண்டு. மாலை போட்ட கை ஊதியத்தைப் பற்றி எழுதுவதில்லை! ஆலைத் தொழிலாளிக்கு எட்டு மணி நேரம் கேட்ட நாம், இந்தத் தொழிலாளிக்கும் கேட்க வேண்டாமா? நிரந்தர வேலை, நியாயமான கூலி, முறைவைத்து ஓய்வு: அரசு தரட்டும்.

நம் தெருவுக்கு அப்படியொரு குடித்தனம் வாடகை கேட்டு வரும். கதவைச் சாத்துகிறவர் நம் கழகத்துக்காரராய் இருக்கக் கூடாது.