புட்டி வாய் மணமும் புறங்கை மணமும்

தமிழ்ச் சங்க மலரில் அத்தரைப் பற்றி எழுத இடமுண்டோ என்று அன்பர்கள் ஐயுறலாம். சங்க இலக்கியமும் கம்பன் கவிநயமும் பேசப்படும் பக்கங்களில் வாசனை எண்ணெய்க்கு என்ன வேலை என்று வினவுவோரும் இருப்பர். ஆயினும் நம் இல்லங்களில் நாள்தோறும் நிகழும் ஒரு பிழையைச் சுட்டாது விட எமக்கு மனம் வரவில்லை. அப்பிழை மூக்கைப் பற்றியது மட்டுமன்று. நம் மதிப்பீட்டு முறையையே பற்றியது.

ஒரு மணப்பொருளைப் புட்டியின் வாயில் முகர்ந்து, அதன் மேல் ஒட்டிய சீட்டைப் படித்து, அயல்நாட்டுப் பெயர் கண்டால் விலையை உயர்த்தி மதிக்கிறோம். நம் தோலின் மேலிட்டு ஒரு பகல் பொறுத்திருந்து மதிப்பதில்லை. “அத்தர் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறொன்றாகவும் மணக்கிறது, ஆகவே அது ஆகாது” என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம். மாறுவது குற்றமன்று, மாறுவதே அதன் நேர்மை என்பது எம் கட்சி.

இதனை உல்லாஸ்நகரில் இருந்துகொண்டு சொல்வதற்கு எமக்கு ஒரு தனி உரிமை உண்டு. நாடு பிரிந்தபோது சிந்து மாநிலத்தை விட்டு வந்த ஏதிலியர்க்குக் கல்யாணை அடுத்த இராணுவ முகாம் புகலிடம் ஆயிற்று. அம்முகாமே 1949 ஆகஸ்டு 8 அன்று, அந்நாள் கவர்னர் ஜெனரலாக இருந்த நம் இராஜாஜியின் கையால் உல்லாஸ்நகர் என்னும் ஊராயிற்று. எல்லாம் இழந்து வந்த அம்மக்கள் கைத்தொழிலால் நிமிர்ந்தனர். அயல்நாட்டுச் சரக்கைப் பார்த்து அதுபோலச் செய்யும் திறமும் இவ்வூரில் வளர்ந்தது. ‘யூ.எஸ்.ஏ.’ என்னும் முத்திரைக்கு ‘உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்’ என்பதே பொருள் என்ற வேடிக்கைப் பேச்சைப் பம்பாய் வட்டாரத்தில் கேளாதவர் இல்லை.

இதில் விற்றவரை ஏசி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. வாங்கியவர் கேட்டது சீட்டு. விற்றவர் சீட்டையே கொடுத்தார். ஊருக்குப் போகும்போது உறவினர்க்குக் கொண்டுபோக ‘ஃபாரின் செண்ட்’ வேண்டும் என்று கடைதோறும் தேடியவர்கள் யார்? தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியிருக்கும் நாமும்தானே? எம் நகரத்துத் திருமணம் ஒன்றில் மணமகனுக்கு வந்த அழகிய பெட்டியைத் திறந்து தெளித்தார்கள். கூடம் முழுதும் கமழ்ந்தது. முகூர்த்தம் முடியுமுன் அம்மணம் இருந்த இடம் தெரியவில்லை. அவையில் நிலைத்திருந்தது வாசலில் ஒரு பாட்டியம்மாள் கிண்ணத்தில் குழைத்து வைத்த சந்தனத்தின் மணமே.

இதற்குக் காரணம் உண்டு. மணம் என்பது பொருளிலிருந்து ஆவியாகிப் பிரியும் நுண்துகள். எலுமிச்சை, நாரத்தை போன்றவற்றின் மணத்துகள் இலேசானது, முதலில் பறந்துவிடும். மலர்களின் மணம் அதன்பின் எழுந்து சில நாழிகை நிற்கும். சந்தனம், அகில், வெட்டிவேர் ஆகியவற்றின் துகள்கள் கனமானவை. மெல்ல மெல்லவே பிரியும். தெளிப்புப் புட்டியில் சாராயம் மிகுதி. அது நொடியில் ஆவியாகி இலேசான மணங்களைச் சேர்த்து வீசுகிறது. முதல் வீச்சில் நாம் மயங்குவது அதனால்தான். அத்தரில் சாராயம் இல்லை. எண்ணெய் தோலோடு ஒட்டிக்கிடந்து, உடலின் வெம்மையால் சிறுகச் சிறுக மணத்தை விடுகிறது. எண்ணெய்ப் பசையுள்ள தோலில் அது நெடுநேரம் தங்கும். உலர்ந்த தோலில் விரைவில் மெலியும். ஆகவே ஒரே குப்பியில் தொட்ட எண்ணெய் தாயின் கையில் ஒருவிதமாகவும் மகளின் கையில் வேறுவிதமாகவும் மணப்பதில் வியப்பில்லை.

“மாறுகிறதே!” என்று குறைப்படும் நம் பெண்டிரை ஒன்று கேட்கிறோம். மாதுங்கா நிலையத்தருகே மாலையில் வாங்கும் மல்லிகை மொட்டாக இருக்கிறது, இரவில் விரிகிறது, விடியற்காலையில் வாடுகிறது. மூன்று பொழுதிலும் மணம் மூன்று வகை. அதனால் மல்லிகையை எவரேனும் போலி என்றதுண்டோ? மெய்யான மல்லிகைச் சாற்றில் இண்டோல் என்றொரு பொருள் உண்டு. அதனைத் தனியே முகர்ந்தால் பாச்சை உருண்டையின் நினைவு வரும். பிற பொருள்களோடு கூடி நிற்கையில் அதுவே மலருக்கு உயிர் தருகிறது. மலிவான ‘மல்லிகை செண்ட்’ பெரும்பாலும் பென்சைல் அசிட்டேட் என்னும் இலேசான பொருளை நம்பியது. இனிப்பாக எழுந்து விரைவில் மறையும். ஆலையில் செய்த மணப்பொருள் எல்லாம் தீது என்று யாம் கூறவில்லை. போலியை மெய்யென்று நம்பி, மெய்யைப் பழையதென்று தள்ளுவதே தீது.

மெய்யானது எவ்வாறு பிறக்கிறது என்பதையும் அறிவோம். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் செப்புக் கொப்பரையில் மலரும் நீரும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, அடியில் மெல்லிய தீ மூட்டுவர். ஆவி மூங்கில் குழாய் வழியே சென்று, குளிர்ந்த நீர்த்தொட்டியில் அமிழ்ந்த மற்றொரு செப்புக் கலத்தை அடையும். அக்கலத்தில் காத்திருப்பது சந்தன எண்ணெய். மலரின் மணம் சந்தனத்தில் படிந்து தங்கும். புதுமலர் இட்டுப் பல நாள் இதனையே திரும்பச் செய்வர். பின்பு தோல் குப்பியில் ஊற்றி, எஞ்சிய ஈரம் கசிந்து வெளியேற விடுவர். தோல் பதனிடும் தொழிலால் தாராவியில் காலூன்றிய நம் முன்னோர்க்குத் தோலின் அந்த இயல்பைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

நம் சங்க மேடைகளில் அடிக்கடி முழங்கும் சொல் ‘மண்வாசனை’. அம்மண்வாசனையைக் கன்னோசியார் எண்ணெயாகவே வடிக்கின்றனர். சுட்ட களிமண் வில்லைகளைக் கொப்பரையிலிட்டு அதன் ஆவியைச் சந்தனத்தில் இறக்குகின்றனர். முதல்மழையின் மணத்தை ஆராய்ந்து 1964இல் அதற்கு ‘பெட்ரிகார்’ என்று பெயரிட்ட ஆஸ்திரேலிய அறிவியலாளர் இருவரும் இத்தொழிலைக் குறிப்பிட்டுள்ளனர். மேடையில் மண்வாசனை பேசும் நம்மில் அதனைப் புறங்கையில் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்?

“அத்தர் வேறு சமயத்தார்க்கு உரியது; நமக்கு எதற்கு?” என்பாரும் உளர். அவர்கள் சிலப்பதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். கடலாடு காதையில் மாதவியின் கூந்தலுக்குப் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நன்னீரை இளங்கோவடிகள் வகுத்துரைக்கிறார். புகார் நகர வீதிகளில் மணப்பொருள் விற்பார்க்கும் இடம் தருகிறார். அரைத்த சந்தனமும் அகிற்புகையும் புழுகும் சவ்வாதும் நம் வீட்டுப் பொருள்கள் அல்லவோ? முகம்மதலி சாலையில் தமிழ் முசுலிம் அன்பர் வாங்கும் அத்தரும், கோயிலில் நாம் நெற்றியிலிடும் சந்தனமும் ஒரே மரத்தின் உறவினர். மணத்துக்குச் சமயவேலி இட்டவர்கள் நாம்தாம். ‘நாற்றம்’ என்னும் சொல்லையே பாருங்கள். வள்ளுவர் மொட்டினுள் பொதிந்த நறுமணத்தை அச்சொல்லாலேயே குறித்தார். இன்று நாம் அதற்குத் தீநாற்றம் என்ற பொருளையே வைத்திருக்கிறோம். கெட்டது சொல்லா, நம் மூக்கா?

இதில் இழப்பு ஒன்றும் இல்லை என்று எண்ணற்க. சந்தன மரத்தின் வைரம் முற்றப் பல்லாண்டு வேண்டும். வரைமுறையின்றி வெட்டியதால், 1998இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதனை அழிவுக்கு இலக்காகக் கூடிய இனங்களுள் சேர்த்தது. சந்தன எண்ணெயின் விலை ஏற ஏற, அத்தர் வடிப்போர் பலர் திரவப் பாரஃபின் முதலிய மணமற்ற எண்ணெய்களை அடியாகக் கொண்டனர். வாங்குவோர் புட்டி வாயில் முகர்ந்து போய்விடுவதால் இம்மாற்றம் அவர்க்குத் தெரிவதில்லை. தோலில் இட்டுக் காத்திருப்பவர்க்கே தெரியும்: சந்தன அடியுள்ளது மலர் மறைந்த பின்னும் இன்மரமணமாய் நிற்கும்; மற்றது எண்ணெய்ப் பிசுக்காய் முடியும். காத்திருக்கத் தெரிந்த வாங்குநர் குறைந்தால் நல்ல அத்தர் வடிப்பவனுக்குப் பிழைப்பு ஏது? தந்தையின் கொப்பரையை அவன் மகன் பழைய செம்பு விலைக்குத்தான் போடுவான்.

“விலை மிகுதி” என்பது இறுதி வாதம். ஒரு தோலா வாங்கச் சொல்லவில்லை. கால் தோலா போதும். ஒரு துளியைப் புறங்கையில் தொட்டு வையுங்கள், தேய்க்க வேண்டா. காலை அம்பர்நாத் வண்டியில் ஏறுகையில் ஒருமுறை, நண்பகல் உணவுக்குமுன் ஒருமுறை, இரவு வீடு திரும்பியபின் ஒருமுறை முகருங்கள். இடையில் மணம் அற்றதுபோல் தோன்றினால் மேலும் பூசாதீர்கள். பழகிய மணத்தை மூக்கு மறந்துவிடும், அருகிருப்போர்க்கு அது தெரிந்துகொண்டே இருக்கும். கடையில் “எங்கிருந்து வந்தது?” என்று கேளாமல், “அடி எண்ணெய் யாது?” என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைகளின் கையிலும் ஒரு துளி தொட்டு, மாலையில் என்ன மணக்கிறது என்று வினவுங்கள்.

பிறந்த மண்ணை விட்டு வந்து, இம்மண்ணின் வெயிலிலும் வியர்வையிலும் கலந்து நாமும் மாறியிருக்கிறோம். நெல்லைத் தமிழ் பேசிய பாட்டனின் பேரன் இன்று சிந்தியும் மராத்தியும் கலந்து பேசுகிறான். அம்மாற்றத்துக்கு நாணவேண்டியதில்லை. மேலே தெளித்த மணம் போன பின்பு அடியில் சந்தனம் உண்டா என்பதே கேள்வி. அதற்கு விடை சொல்லவேண்டியது சீட்டு அன்று, நாம்.