திக்ரும் வெள்ளைத் துணியும்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வெள்ளவத்தையில் காலி வீதி வெறிச்சோடிக் கிடந்தது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் மூடியிருந்தன. நான் முஸ்லிம் அல்லன். எனினும் அந்த இரவுகளில் இணையத்தில் நான் தேடிக் கேட்டது பாவா முகையத்தீனின் உரைகளை.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தமிழில் பேசிய அந்தச் சூபி ஞானி 1971இல் பிலடெல்பியா சென்றார். 1986இல் அங்கேயே மறைந்தார். அவர் குரலைப் பதிவுசெய்து காத்தவர்களில் பலர் தமிழறியாத அமெரிக்கச் சீடர்கள். அந்தக் குரல் கடல் கடந்து என் அறைக்குத் திரும்பியது. மூச்சோடு இறைநாமத்தை இணைக்கும் திக்ர் என் அச்சத்தைத் தணித்தது. அதை மறுக்கமாட்டேன்.

ஆனால் அதே ஏப்ரலில், கொரோனாவால் இறந்தோரை எரிப்பது சட்டமாயிற்று. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அரசு கேட்கவில்லை. பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் சிசு, டிசம்பரில் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயான வாயிலில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கட்டியவர்கள் எல்லாரும் முஸ்லிம்கள் அல்லர். 2021 பெப்ரவரியில்தான் தடை நீங்கியது; அரசு மன்னிப்புக் கேட்க 2024 ஜூலை ஆயிற்று.

அந்தத் தாயிடம் சென்று, "மனத்தை அடக்குங்கள்" என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

தியானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடுங்கும் கை துணியைக் கட்டாது. கை நடுங்காதிருக்கத் தியானம் உதவும். அன்று எனக்கு அமைதி கிடைத்தது. ஆனால் பொரளைக்கு நான் போகவில்லை. அந்த அமைதியை இன்றுவரை நான் முழுதாக நம்பவில்லை.